முதல் ஊதுபத்தி மண்ணுக்கு: ஹோவ் தூவைக் கும்பிடும் முறை

என் கணவர் வீட்டார் ஹோக்கியன் மொழி பேசும் சீனர்கள். நான் சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண். கல்யாணமான வருஷம் செங் பெங்குக்கு, அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து முன்னோரைக் கும்பிடும் நாளுக்கு, அவர்களோடு புக்கிட் பிரவுன் என்ற பழைய சீன இடுகாட்டு மேட்டில் ஏறினேன். காலை ஏழரை மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில், என் முழங்கால் உயரத்துக்குக்கூட வராத ஒரு குட்டிக் கல். அதன் முன்னால் ஒரு சின்னத் திண்டு. வசதியாக இருக்கிறதே என்று தண்ணீர்ப் பாட்டிலையும் தொப்பியையும் அந்தக் கல்மேல் வைத்துவிட்டு, திண்டில் உட்கார்ந்து காலணிக்குள் புகுந்த எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மாமியார் சத்தம் போடவில்லை. வந்தார், பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார், தொப்பியை என் தலையில் மாட்டினார், கைக்குட்டையால் கல்லைத் துடைத்தார். அப்புறம் மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, "மன்னிப்புக் கேள்" என்றார்.

"யாரிடம்?"

"வீட்டுக்காரம்மாவிடம்."

அந்தக் குட்டிக் கல்தான் ஹோவ் தூ. மண்ணின் அரசி. கல்லறையில் படுத்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் குடக்கூலிக்கு இருப்பவர்தான், இடம் அவளுடையது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற முறைகள் எல்லாம் தானாக வரும். எனக்கு இது மண்டையில் ஏற மூன்று நான்கு வருஷம் ஆனது. இப்போது மாமியாருக்கு முட்டி மடங்குவதில்லை, மேடு ஏற முடியாது. கூடை கட்டுவதிலிருந்து காசு போட்டுப் பார்ப்பதுவரை என் பொறுப்பாகிவிட்டது. சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், நண்பர் கூப்பிட்டு முதல்முறை போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

யாரைக் கும்பிடப் போகிறோம்

நம் ஆட்களிடம் சொன்னால் உடனே, "ஓ, நம்ம பூமாதேவி" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதி சரி. மீதிப் பாதியில்தான் சுவாரசியம்.

மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஹோவ் தூ பெண்ணே இல்லை. அது ஒரு பதவி. 'ஹோவ்' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் ஆள்பவர் என்று பொருள், 'தூ' என்றால் மண். அந்தப் பதவியில் இருந்தவன் கோவ்லோங், கோங்கோங்கின் மகன். இந்தக் கோங்கோங் யார் என்றால், ஆட்சிக்காகச் சண்டை போட்டுத் தோற்று, ஆத்திரத்தில் பூஜோ மலையில் போய் முட்டிய ஆள். அந்த மலை வானத்தைத் தாங்கிய தூண். அது ஒடிந்ததும் வானம் வடமேற்கே சாய்ந்தது, தரை தென்கிழக்கே தாழ்ந்தது. அதனால்தான் சீனத்து ஆறுகள் எல்லாம் அந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று கதை முடியும். அப்பன் குலைத்த நிலத்தை மகன் சீர் செய்தான். ஒன்பது நாடுகளின் மண்ணையும் சமப்படுத்தியதால் அவனை மண் தெய்வமாக வைத்துக் கும்பிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஊரையே நாசம் பண்ணியவனின் பிள்ளைதான் அந்த ஊருக்குக் காவல் தெய்வம்.

அப்புறம் எப்படி அம்மாவானாள்? வானம் அப்பா, பூமி அம்மா என்று ஜோடி சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வலுத்தது. 'ஹோவ்' என்ற சொல்லுக்கும் காலப்போக்கில் அரசி என்ற பொருளே நிலைத்தது. பதவி அப்படியே இருக்க, ஆள் மாறிவிட்டாள். ஹான் வம்சத்து வூ பேரரசர் கி.மு. 113-இல் ஃபென்யின் என்ற இடத்தில், மஞ்சள் ஆறும் ஃபென் ஆறும் சேருமிடத்துக்குப் பக்கத்தில், ஹோவ் தூவுக்குக் கோயில் எடுத்துத் தாமே நேரில் போய்ப் பலி கொடுத்தார். ஐந்து மேடைகள், மேடைக்கு ஒரு மஞ்சள் கன்று. கூட நின்றவர்களுக்கும் மஞ்சள் உடை, ஏனென்றால் மண்ணின் நிறம் மஞ்சள். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் புதைத்துவிட்டார்கள். எரிக்கவில்லை. வானத்துக்குக் கொடுப்பதை எரிக்க வேண்டும், புகை மேலே போகும். மண்ணுக்குக் கொடுப்பதை மண்ணுக்குள் வைக்க வேண்டும். பழைய சடங்கு விதி இது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு ஆகும்.

அதே ஃபென்யின் கோயிலில் டாங் வம்சக் காலத்தில் பெண் சிலைதான் இருந்தது. பேரரசி வூ (மேலே சொன்ன வூ பேரரசர் வேறு) காலத்தில் யாரோ, அம்மன் தனியாக இருக்கிறாளே என்று பக்கத்து லியாங் மலைச் சாமியின் சிலையைக் கொண்டுவந்து புருஷனாக வைத்தார்கள். 723-இல் ஷுவான்சோங் பேரரசர் வந்தபோது அந்தப் புருஷனை எடுத்து வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். மாமியாருக்கு இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "நிம்மதியாக இருந்திருப்பாள்" என்றார்.

1116-இல் சோங் வம்சத்து ஹுய்சோங் பேரரசர் அவளுக்கு நீளமான பட்டம் ஒன்றைக் கொடுத்தார். சுருக்கமாகச் சொன்னால், வானத்தைத் தாங்கி அதன் வழி நடப்பவள், பெருங்குணத்தால் ஒளிர்பவள். தாவோ மதத்தில் வானுலகை ஆளும் ஜேட் பேரரசருக்கு அடுத்த வரிசையிலுள்ள நான்கு பெரியவர்களில் இவளும் ஒருத்தி. பெய்ஜிங்கில் 1530-இல் கட்டிய பூமி பீடம், பூமிக்குப் பேரரசர்கள் கோடைத் திருப்பத்தன்று பலி கொடுத்த இடம். அது சதுரமானது. வானம் வட்டம், பூமி சதுரம் என்பது அவர்கள் கணக்கு.

ஆக, ஒரு பக்கம் பேரரசர்களே மண்டியிட்ட தெய்வம். இன்னொரு பக்கம் புக்கிட் பிரவுனில் புல்லுக்குள் ஒளிந்து கிடக்கும் குட்டிக் கல். இரண்டுக்கும் ஒரே பெயர். மாமியாருக்குப் பேரரசர் கதை எதுவும் தெரியாது. அவர் கல்லைப் பார்த்து "தோ தி" என்பார், ஹோக்கியனில் மண் என்று அர்த்தம். ஊருக்கு ஊர் இருக்கும் தாடிவைத்த மண்சாமி தோ தி கொங்கையும் இவளையும் அவர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. படித்தவர்கள் பிரிப்பார்கள்: இவள் மொத்த மண்ணுக்கும் அரசி, அவர் அந்தந்த வட்டாரத்து அதிகாரி. கல்லறையில் நின்றுகொண்டு இதைப் பேசி யாரையும் திருத்தப் போகாதீர்கள். நான் ஒருமுறை முயன்று, பெரியத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்லைக் கண்டுபிடிப்பது

புக்கிட் பிரவுனை ஹோக்கியன்காரர்கள் 'கோப்பி சுவா' என்பார்கள், காப்பி மலை. 1922-இல் திறந்து 1973-இல் மூடிய இடுகாடு. அடக்கமானவர்கள் ஒரு லட்சம் பேர் இருக்கும். சில பணக்காரக் கல்லறைகளில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளிகளின் சிலைகளைக்கூடப் பார்க்கலாம், துப்பாக்கியோடு. சாலை போடுவதற்காக 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே லோர்னி நெடுஞ்சாலை ஓடுகிறது. மீதி இடத்தில் காடு மண்டிக் கிடக்கிறது. செங் பெங்குக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கல்லறை பராமரிப்பவரிடம் சொல்லிப் புல் வெட்டி வையுங்கள். நாமே பராங் கத்தியோடு போய் வெட்டுவோம் என்பது கேட்க நன்றாக இருக்கும், குளவி கொட்டும்வரைக்கும்.

கல்லறையின் அமைப்பு சாய்வு நாற்காலி மாதிரி. பின்னால் மண்மேடு, நடுவில் பெயர்க்கல், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோலச் சுவர், முன்னால் முற்றம். ஹோவ் தூ கல் ஒரு பக்கத்தில் தனியாக நிற்கும். இடமா வலமா என்பது கல்லறைக்குக் கல்லறை மாறும், ஆகவே இரண்டு பக்கமும் புல்லை விலக்கிப் பாருங்கள்.

சீனம் படிக்கத் தெரியாவிட்டால் எழுத்தை உருவமாக மனதில் வையுங்கள். 'தூ' எளிது. கூட்டல் குறி போட்டு, அதன் காலடியில் ஒரு நீளமான கோடு போட்டால் அதுதான் 'தூ'. தரையிலிருந்து ஒரு செடி முளைத்து நிற்கிற மாதிரி. 'ஹோவ்' கொஞ்சம் கஷ்டம். மேலே கூரை மாதிரி ஒரு கோடு, அதிலிருந்து இடப்பக்கம் வளைந்து இறங்கும் ஒரு கால், நடுவில் ஒரு படுகோடு, அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரப் பெட்டி. இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செதுக்கியிருக்கும். பக்கவாட்டில் இருந்தால் பழைய கற்களில் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். சில கற்களில் இந்தச் சொல்லே இருக்காது, 'நல்வாழ்வுத் தெய்வம்' என்ற பொருளில் வேறு இரண்டு எழுத்து இருக்கும். ஆள் ஒன்றுதான், கவலைப்படாதீர்கள்.

கூடையில் என்ன

ஹோவ் தூவுக்கும் முன்னோருக்கும் இரண்டு தனிப் பை கட்டுங்கள். நான் சொல்வதில் ஒன்றையாவது கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். மேட்டில், வெயிலில், ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரே பையிலிருந்து பிரித்தெடுப்பது நடக்காத காரியம்.

அவள் பையில்: ஒரு ஜோடிச் சிவப்பு மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, மூன்று குட்டிக் கிண்ணம், பிளாஸ்கில் சீனத் தேநீர் (பால் சீனி இல்லாமல்), ஆரஞ்சு அல்லது ஆப்பிள், ஹுவாட் குவே. ஹுவாட் குவே என்பது மேலே பூவாக வெடித்து நிற்கும் ஆவியில் வெந்த கேக். நன்றாக வெடித்ததாகப் பார்த்து வாங்குங்கள், வெடிப்புதான் செழிப்பு. ஈரச்சந்தையில் செங் பெங் வாரம் அதிகாலையிலேயே தீர்ந்துவிடும், முதல்நாளே சொல்லிவையுங்கள். அப்புறம் தங்கத்தாள்.

தாளில்தான் எல்லாரும் தவறுவார்கள். ஹோக்கியன் வழக்கத்தில் தெய்வங்களுக்குத் தங்கத்தாள், 'கிம்'. செத்தவர்களுக்கு வெள்ளித்தாள், 'கின்'. (சிங்கப்பூரில் 'வெள்ளி' என்றாலே காசுதான் என்பதால் நம் வீட்டுக் குழந்தைகள் குழம்பும். இது நிஜமாகவே வெள்ளி நிறத் தாள்.) ஹோவ் தூ தெய்வம், செத்தவள் இல்லை. அவளுக்கு வெள்ளித்தாள் கொளுத்துவது, உயிரோடு இருக்கும் மாமியார் படத்துக்கு மாலை போடுகிற மாதிரி. இரண்டாம் வருஷம் நான் அதையும் செய்திருக்கிறேன்.

சில வீடுகளில் பன்றி, கோழி, மீன் என்று மூன்று இறைச்சி வைப்பார்கள். நான் சைவம். அவளுக்குப் பழமும் பலகாரமும் மட்டும்தான் பதினான்கு வருஷமாக வைக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை. முன்னோர் பக்கத்துச் சமையலைக் கணவரின் தங்கை பார்த்துக்கொள்கிறாள். மல்லிகைச் சரம், குங்குமம், கற்பூரம் கொண்டுபோகலாமா என்று என் அக்கா கேட்டாள். பூ தாராளமாக வைக்கலாம். குங்குமம் வேண்டாம், கல்லில் கறை பிடிக்கும், எழுத்துக்குச் சாயம் பூசியிருந்தால் கெடும். கற்பூரம் நம் வாசனை, அவளுக்குப் பழக்கமில்லாதது. ஊதுபத்தி போதும்.

கும்பிடுவது

முதலில் கல்லைச் சுத்தம் செய்யுங்கள். முன்னோர் கல்லறையைத் தேய்ப்பதற்கு முன்னால் இது. பாசியைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள், கம்பி பிரஷ் வேண்டாம், இந்தக் கற்களில் எழுத்து ஏற்கெனவே பாதி தேய்ந்திருக்கும்.

திண்டில் மூன்று கிண்ணத்தையும் வரிசையாக வைத்துத் தேநீர் ஊற்றுங்கள், பின்னால் பழமும் குவேயும். மெழுகுவர்த்தி இரண்டு பக்கமும். ஊதுபத்தி குத்த இடம் இல்லையென்றால் மைலோ டப்பாவில் மண்ணோ அரிசியோ நிரப்பிக் கொண்டுபோங்கள், எங்கள் வீட்டு டப்பாவுக்கு என் மகள் வயது. எங்கள் வீட்டில் அவளுக்கு மூன்று ஊதுபத்தி, முன்னோருக்கு இரண்டு. இந்த எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும், போவதற்கு முன்னால் பெரியவர் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கல் தாழ்வாக இருப்பதால் நின்று கும்பிட்டால் தலைக்கு மேலே பேசுகிற மாதிரி இருக்கும். குந்துங்கள் அல்லது முட்டி போடுங்கள். ஊதுபத்தியை இரண்டு கையாலும் பிடித்து நெற்றி உயரத்துக்கு உயர்த்திக்கொண்டு பேச வேண்டும். மந்திரம் ஏதும் கிடையாது. மாமியார் சொல்லிக்கொடுத்தது இதுதான்: யார் வந்திருக்கிறோம், எங்கிருந்து வந்திருக்கிறோம், யாரைப் பார்க்க வந்திருக்கிறோம். எங்கிருந்து என்றால் உண்மையாகவே முகவரி. அவர் புளோக் எண், மாடி, வீட்டு எண்வரை ஒப்பிப்பார். ஒரு வருஷம் வீடு மாறியபோது, "பழைய வீட்டில் இல்லை, இப்போது ஹவ்காங்" என்று திருத்திச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நான் ஹோக்கியனில் முதல் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மீதியைத் தமிழில் சொல்கிறேன். "தாயே, எங்க கொள்ளுத்தாத்தாவைப் பார்க்க வந்திருக்கோம். இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருக்கே. உள்ளே வரலாமா?" மாமியார் முதல்முறை கேட்டபோது, என்ன சொன்னாய் என்றார். மொழிபெயர்த்தேன். "சரிதான், கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்" என்றார்.

மூன்று முறை தலை வணங்கி ஊதுபத்தியைக் குத்துங்கள். அப்புறம்தான் முன்னோர் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு விஷயம்: எல்லாக் குடும்பத்திலும் இதே வரிசை இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற சீன அறிஞர் எழுதிவைத்த குடும்பச் சடங்கு முறையில் கல்லறையில் முதலில் முன்னோர், அப்புறம் ஹோவ் தூ. உங்கள் வீட்டு வழக்கம் அப்படி இருந்தால் அதன்படியே செய்யுங்கள். எங்கள் வீட்டில் அவள் முதல்.

ஏன் இத்தனை மரியாதை என்றால், அந்த நிலத்தை அவளிடம் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். கதைக்குச் சொல்லவில்லை. ஹான் காலத்திலிருந்தே கல்லறைக்குள் நிலம் வாங்கிய பத்திரத்தைச் செதுக்கிப் புதைக்கும் வழக்கம் சீனத்தில் இருந்திருக்கிறது. கல்லிலும் ஈயத்திலும் செங்கல்லிலும் எழுதிய பத்திரங்கள் தோண்டத் தோண்டக் கிடைக்கின்றன. விற்பவர் இடத்தில் 'வானத் தந்தை, ஹோவ் தூ தாய்' என்றிருக்கும் பத்திரங்கள் உண்டு. நான்கு எல்லையும் எழுதி, சாட்சியும் போட்டு, விலையும் குறித்திருக்கும்: 99,999 சரம் காசு. சோங் காலப் பத்திரங்களில் இந்தத் தொகை திரும்பத் திரும்ப வரும். ஒன்பது நீடிப்பின் எண். எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுப் பத்திரத்தில் 99 ஆண்டு குத்தகை என்று படித்தபோது கணவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கடன் பாக்கி ஞாபகம் வந்திருக்கும். சுவா சூ காங் இடுகாட்டில் அதுகூட இல்லை, 15 ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள்.

காசு போட்டுப் பார்ப்பது

ஊதுபத்தி பாதி எரிந்ததும், அவள் ஏற்றுக்கொண்டாளா என்று கேட்க வேண்டும். கோயிலில் இதற்குப் பிறைவடிவ மரத்துண்டு இரண்டு இருக்கும், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உப்பல். போட்டால் ஒன்று தட்டை ஒன்று உப்பல் என்று விழுந்தால் 'ஆம்'. இரண்டும் தட்டை மேலே என்றால் தெய்வம் சிரிக்கிறது, கேள்வி சரியில்லை. இரண்டும் உப்பல் மேலே என்றால் 'இல்லை'. கல்லறையில் நாங்கள் இரண்டு 20 காசு நாணயத்தில் ஒரு பக்கம் சிவப்பு நகப்பூச்சு பூசி வைத்திருக்கிறோம். ஒன்று சிவப்பு, ஒன்று வெறுமை என்றால் சரி. மற்றபடி விழுந்தால் காத்திருந்து மறுபடி.

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, கேள்வியைச் சொல்லி, தாழ்வாகப் போடுங்கள். உயரத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். மழைக்கு மறுநாள், தரை வழுக்கல். என் கணவர் பூவா தலையா போடுவதுபோலச் சுண்டிவிட்டார். ஒரு காசு திண்டில் விழுந்து சிவப்பு காட்டியது. இன்னொன்று துள்ளி, சரிவில் உருண்டு, கீழ்க் கல்லறையின் முற்றத்தைத் தாண்டி, வடிகாலுக்குள் போய்விட்டது. அது என்ன காட்டியது என்று யாருக்குத் தெரியும்? பெரியத்தை "ஆம் என்று வைத்துக்கொள்வோம்" என்றார். மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. வடிகாலில் இறங்கிச் சருகைக் கிளறி, இருபது நிமிஷம் தேடி எடுத்தோம். புரண்டிருக்கலாம் என்பதால் அந்தப் பதில் செல்லாது, மறுபடி போடு என்றார். 'இல்லை' வந்தது. மறுபடியும் 'இல்லை'. மாமியார் திண்டைப் பார்த்தார். மூன்று கிண்ணத்தில் ஒன்று காலி, ஊற்றவே மறந்திருக்கிறோம். ஊற்றிய பிறகு போட்டோம். சரி வந்தது. தற்செயல்தான், எனக்கும் கணக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு கிண்ணத்தை எண்ணாமல் காசைத் தொடுவதில்லை.

முடிப்பது

சரி வந்ததும் தங்கத்தாளைக் கொளுத்தலாம். இரும்பு வாளியோ தகரமோ வைத்து அதற்குள் எரியுங்கள், புல்மேல் நேரடியாக வேண்டாம். காய்ந்த லாலான் புல் எப்படிப் பிடிக்கும் என்று தெரியாதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். சாம்பல் ஆறும்வரை ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். கல்லறை மேட்டின்மேல் வண்ணத் தாள்களைக் கல்வைத்துப் பரப்புவது தனி வேலை. பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். 'பார்க்க ஆள் வந்துபோனார்கள்' என்பதற்கு அடையாளம் அது. எங்கள் வீட்டில் ஒரு கொத்து ஹோவ் தூ கல் தலையிலும் வைப்போம். மாமியார் பிறந்தவீடு தியோச்சியூ என்ற இன்னொரு சீனப் பிரிவு என்பதால் முன்னோர் முற்றத்தில் மட்டிச் சிப்பியை உரித்துத் தின்று அதன் ஓடுகளை மேட்டில் வீசுவதும் உண்டு, ஓடு காசாம். அது முன்னோருக்கு மட்டும், அவள் பக்கம் வீசாதீர்கள்.

கிளம்பும்போது அவள் கிண்ணத்துத் தேநீரைக் கல்லடி மண்ணில் ஊற்றுங்கள். தாளை எரித்தோம், தேநீரைப் புதைக்கிறோம். வூ பேரரசரின் மஞ்சள் கன்றுகள் போன வழி அதுதான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பழமும் குவேயும் வீட்டுக்கு வரும், தின்னலாம். வெடித்த குவேயை மறுநாள் லேசாக ஆவி காட்டித் தின்றால் ருசி.

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான வீடுகளில் கல்லறைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். நான் மகளைச் சுமந்த வருஷம் மாமியார் என்னை வாசலோடு நிறுத்திவிட்டு, திரும்பி வந்து ஓர் ஆரஞ்சைக் கையில் கொடுத்தார். செங் பெங் அன்றேதான் போக வேண்டும் என்றில்லை, முன்னும் பின்னும் பத்து நாள் கணக்கு உண்டு. அவளுடைய பிறந்தநாள் சீன மாதம் மூன்றில் 18-ஆம் நாள். ஷான்சி மாநிலத்து வான்ரோங்கில், பழைய ஃபென்யினின் வாரிசான கோயிலில், அன்று திருவிழா. மஞ்சள் ஆறு அரித்துக்கொண்டே வந்ததால் 1870-இல் இடம் மாற்றிக் கட்டிய கோயில் அது. போகிறவர்கள் அங்குள்ள மூன்று நாடக மேடைகளையும் வூ பேரரசர் ஃபென் ஆற்றில் பாடிய இலையுதிர்காலப் பாட்டின் கல்வெட்டு இருக்கும் மூன்றடுக்கு மாடத்தையும் விடாதீர்கள்.

வீட்டிலேயே கும்பிட வேண்டும் என்றால், சீன வீடுகளில் தரையோடு வைத்திருக்கும் சிவப்புப் பலகையைப் பாருங்கள். 'ஐந்து திசை ஐந்து மண்ணின் நாகதெய்வங்கள்' என்று ஒரு வரி, 'சீனரும் அயலாருமான நிலக்கிழார்ச் செல்வதெய்வம்' என்று இன்னொரு வரி. அயலார் என்றால், இந்த மண்ணில் நமக்கு முன்னால் இருந்தவர்கள். புது ஊருக்கு வந்தவர்கள் அந்த ஊர்க்காரரையும் சேர்த்தே கும்பிட்டிருக்கிறார்கள். இதை எப்போதும் தரையில்தான் வைக்க வேண்டும், சுவரில் ஏற்றக் கூடாது. துடைப்பத்தை அதன் பக்கத்தில் சாத்தாதீர்கள்.

மாமியார் போன வருஷம் தமக்கு அஸ்தி மாடத்தில் ஓர் இடம் பதிந்துவைத்தார். நான்காவது மாடி, ஜன்னல் பக்கம். பார்க்கப் போனபோது சலவைக்கல் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே வீட்டுக்காரம்மா எங்கே?" என்று அலுவலகத்துப் பையனிடம் கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. தேடியதில் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், மண்தெய்வத்துக்கு ஒரு பீடம் இருந்தது. மாமியார் குனிந்து பார்த்தார், ஊதுபத்திச் சாம்பல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார், இருந்தது. என்னிடம் திரும்பி, "முதலில் இங்கே. அப்புறம் மேலே வா" என்றார்.